விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து

பள்ளிக்கரணையிலும் மேடவாக்கம், கோவிலம்பாக்கம், தாம்பரம் பக்கங்களிலும் இருந்து வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் மாணவ மாணவியருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரை மெயின் ரோட்டில் ஒருமுறை பஸ்ஸில் போனாலே எத்தனை கன்சல்டன்சிகள் முளைத்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். கீழே பிரியாணிக் கடை, மாடியில் யு.கே., கனடா, ஆஸ்திரேலியா. ‘ஐ.இ.எல்.டி.எஸ். தேவையில்லை’, ‘அரியர் இருந்தாலும் அட்மிஷன்’, ‘100% விசா’ என்று பலகைகள். அந்தக் கடைகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே படியேறிப் போகும் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் கல்விக்கடன் பார்த்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கரணைவாசி. அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளை வெளிநாடு போவதாக இருந்தால், பைலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. லோன் பேப்பர் பார்க்கத்தான் வருவார்கள். அப்படியே விசா பேப்பரும் கண்ணில் படும். “இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் தம்பி?” என்று கேட்டால், “கன்சல்டன்சியில பண்ணாங்க அங்கிள்” என்பார்கள். பெயர் பிள்ளையுடையது, கையெழுத்து பிள்ளையுடையது, கடன் அப்பாவுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்குக் கவலை தருவது இதுதான்.

சமீபத்தில் பார்த்த ஒரு பைலைச் சொல்கிறேன். பையன் படித்தது மெக்கானிக்கல். ‘எஸ்.ஓ.பி.’ என்று நீங்கள் சொல்லும் நோக்க அறிக்கையில் முதல் பத்தி மெக்கானிக்கல், இரண்டாம் பத்தி மெக்கானிக்கல். மூன்றாம் பத்தியில் அவனுக்குச் சிறுவயதிலிருந்தே பாலங்களின் மீது தீராத ஆர்வம், சிவில் இன்ஜினியரிங்தான் அவன் மூச்சு. முன்னால் போன எவனோ ஒருவனுடைய அறிக்கையை எடுத்துத் திருத்தியவர்கள் அந்தப் பத்தியை மாற்ற மறந்துவிட்டார்கள். பையன் அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான். இதையே ஒரு விசா அதிகாரி படித்திருந்தால் என்ன நினைத்திருப்பார்?

முதலில் கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ‘கவுன்சலிங் இலவசம்’ என்கிறார்கள். உங்களிடம் வாங்காவிட்டாலும் யாரோ கொடுத்தாக வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா பல்கலைக்கழகங்கள் பலவும் தாங்கள் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மாணவருக்கும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குக் கமிஷனாகத் தருகின்றன. இது திருட்டு இல்லை, தொழில். ஆனால் எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அந்தக் கல்லூரியின் பெயர்தான் பட்டியலில் மேலே வரும். பெரும்பாலும் கல்விக் கட்டணமே வாங்காத ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முகவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? அதனால்தான் “ஜெர்மனியா? லாங்வேஜ் கஷ்டம் தம்பி, அயர்லாந்து பாருங்க” என்று பேச்சு திரும்புகிறது. அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். யார் காசில் சொல்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். மாணவர்களை அனுப்புகிறவருக்கு அந்தப் பதிவு கிடையாது. ஒரு மாடி, நாலு நாற்காலி, சுவரில் ஒரு உலகப்படம் இருந்தால் கடை திறந்துவிடலாம். நேர்மையாக நடத்துகிறவர்களும் இந்தச் சாலையில் இருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு கடையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிள்ளைகளே, விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். பல இடங்களில் கன்சல்டன்சியே உங்கள் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து பாஸ்வேர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதம், தூதரகம் கேட்கும் கூடுதல் ஆவணம், கெடு தேதி எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். வேறொரு கல்லூரி உங்களுக்கு இடம் கொடுத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? உதவினால் ‘ஆம்’ என்று போட்டு அவர் பெயரையும் எழுத வேண்டும். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் முகவர் ‘இல்லை’ என்று டிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார். உதவி செய்தவர் யாராக இருந்தாலும், கடைசியில் ‘கையெழுத்து’ என்ற பொத்தானை அழுத்த வேண்டியவர் விண்ணப்பதாரர்தான். ஆக முதல் பொய்யே உங்கள் கையெழுத்தோடு போகிறது. கனடாவிலும் காசு வாங்கிக்கொண்டு விசா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்கிறவர் அந்நாட்டில் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். அவர் விவரத்தைப் படிவத்தில் காட்ட வேண்டும்.

பொய் பிடிபட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. கனடாவில் தவறான தகவல் என்று முடிவானால் 5 ஆண்டுத் தடை. ஆஸ்திரேலியாவில் போலி ஆவணத்துக்கு 3 ஆண்டு. பிரிட்டனில் ஏமாற்று என்று பதிவானால் 10 ஆண்டு வரை. அமெரிக்காவில் மோசடி என்று எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். தனியாக விலக்கு கேட்டுப் பெற்றால்தான் உண்டு. இந்தத் தடை எதுவும் முகவர்மேல் விழாது. பாஸ்போர்ட் யாருடையதோ அவர்மேல் விழும்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பல நூறு பேரின் பெயர் அடிபட்டது நினைவிருக்கும். ஜலந்தரில் இருந்த ஒரு முகவர் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி. பிள்ளைகளுக்கு அது தெரியாது. விமானம் இறங்கியதும் “அந்தக் காலேஜில் சீட் நிரம்பிவிட்டது, வேறு காலேஜில் சேர்ந்துகொள்” என்று போனில் சொல்லியிருக்கிறார். அவர்களும் சேர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்த அதிகாரிகள் நாடு கடத்தும் நோட்டீஸ் கொடுத்தார்கள். மாணவர்கள் தெருவில் கூடாரம் போட்டுப் போராடிய பிறகு, ஏமாற்றப்பட்டவர்களைத் தனித்தனியாக விசாரித்துப் பிரித்தது கனடா அரசு. அந்த முகவருக்கு 2024இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இப்போது ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கனடா அரசு கல்லூரியிடம் நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. அதையே நீங்கள் முன்கூட்டிச் செய்யலாம். கல்லூரியின் இணையதளத்தில் சேர்க்கைப் பிரிவின் முகவரி இருக்கும். ‘இந்த எண்ணுள்ள கடிதம் உங்களுடையதா?’ என்று உங்கள் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. மிச்சிகனில் ‘ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்’ என்று ஒன்று இருந்தது. வகுப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. விசா அந்தஸ்தைத் தக்கவைத்து வேலை பார்ப்பதற்காகவே பலர் சேர்ந்தார்கள். அதை நடத்தியவர்கள் குடிவரவுத் துறையின் மறைமுக அதிகாரிகள். 2019 ஜனவரியில் 130 மாணவர்கள் பிடிபட்டார்கள், அதில் 129 பேர் இந்தியர்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த எட்டு முகவர்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது. வகுப்புக்கே போக வேண்டாத கல்லூரி என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி நம்மூர்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’. ஆதாரில் ‘எஸ். கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வராஜ்’. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுப் பதிவில் வேறொன்று. நமக்கு எல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டுக் கணினிக்கு நாலு ஆள். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடும். முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று மூன்று எழுத்து விழும். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. அங்கே போய் வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒவ்வொரு கவுன்டரிலும் அந்த மூன்று எழுத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் போட்டு, இனிஷியலை விரித்து, குடும்பப்பெயர் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். பிறகு தேர்வுப் பதிவு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிறப்புச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலருடைய சான்றில் ‘ஆண் குழந்தை’ என்றோ ‘பெண் குழந்தை’ என்றோதான் இருக்கும், பெயரே ஏறியிருக்காது. அப்பா பணத்தைக் காட்டி பிரிட்டன் விசா கேட்கும்போது, இன்னார் பிள்ளைதான் இவர் என்று நிரூபிப்பதே அந்தத் தாள்தான்.

அடுத்தது பணம். இங்கேதான் பொய்க்கு விலை பேசப்படுகிறது. ‘ஃபண்ட்ஸ் காட்டணும், நாங்களே அரேஞ்ச் பண்றோம்’ என்பார்கள். யாரோ ஒரு வட்டிக்காரர் உங்கள் அப்பா கணக்கில் முப்பது லட்சம் போட்டு, ஒரு மாதம் கழித்து வட்டியோடு எடுத்துக்கொள்வார். மாதம் நாற்பதாயிரம் வரவு உள்ள கணக்கில் திடீரென்று முப்பது லட்சம் வந்து உட்கார்ந்தால் வங்கியில் இருந்த எனக்கே உறுத்தும். அதையே வேலையாகப் பார்க்கும் விசா அதிகாரிக்கு உறுத்தாதா? பணம் வந்த வழி என்ன என்று கேட்டால் பதில் இருக்காது.

உண்மையாகவே பணம் இருந்தும் விதி தெரியாமல் தோற்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டன் கேட்பது கல்விக் கட்டணத்தின் பாக்கியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும். 2025 நவம்பர் முதல் லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு, வெளியே என்றால் 1,171. ஒன்பது மாதத்துக்கு லண்டனில் 13,761, வெளியே 10,539 பவுண்டு. இந்தப் பணம் தொடர்ச்சியாக 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போச்சு. இருபதாம் நாள் உங்கள் அப்பாவின் பைக் லோன் தவணை தானாகக் கழிந்து, தேவைக்குக் கீழே நூறு ரூபாய் இறங்கினாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. அதனால் தேவையைவிட ஐம்பதாயிரமாவது கூடுதலாக வைத்து, அந்தக் கணக்கை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பா, தாய்மாமா கணக்கெல்லாம் அங்கே செல்லாது. உங்களுடையது, பெற்றோருடையது அல்லது முறையான கல்விக்கடன். பங்கு, பி.எஃப். இருப்பும் கணக்கில் வராது.

ஜெர்மனி இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்துவிட்டது. 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்பணமாகப் போட்டுவிட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அது உங்களுக்கே திரும்பி வரும். நம் ரூபாயில் ஏறத்தாழ 12 லட்சம். அதற்கு முன்னால் உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஏ.பி.எஸ். சான்று வாங்க வேண்டும். இந்தியர்களுக்கு இது 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். கனடாவில் மாணவர் விசா வேகமாக முடிந்துகொண்டிருந்த எஸ்.டி.எஸ். வழி 2024 நவம்பர் 8ஆம் தேதியோடு மூடப்பட்டது. வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடிய டாலர். ஆஸ்திரேலியாவின் விசாக் கட்டணம் மட்டும் 2024 ஜூனில் 710 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, 2025 ஜூலையில் 2,000 ஆகிவிட்டது. நிராகரித்தாலும் அது திரும்ப வராது. இந்தத் தொகைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கன்சல்டன்சி கொடுத்த பழைய ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

பெற்றவர்களே, இப்போது உங்களோடு. கடன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டுப் பத்திரத்தைப் பிள்ளை இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு அது எந்த மூலைக்கு? அரசு வங்கியில் குறைந்த வட்டிக்குப் பெரிய தொகை வேண்டுமென்றால் பெரும்பாலும் சொத்து கேட்பார்கள். தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், வீட்டுவரி ரசீது எல்லாம் வங்கி வக்கீலிடம் போகும்.

நம் பகுதியில் இது சாதாரண விஷயம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022 ஏப்ரலில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. பரப்பு 1,247 ஹெக்டேருக்குச் சற்று மேல். அந்த எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும் வரை புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவிட்டது. சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் இங்கே காலி மனையை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறவர்கள், அந்த மனையின் சர்வே எண் எங்கே விழுகிறது, அங்கீகாரம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆகஸ்டில் கல்லூரி திறக்கும், ஜூலையில் வக்கீல் ஒரு கேள்வி போடுவார் என்ற நிலை வந்தால், அடுத்த வாசலில் நிற்பவர் அதிக வட்டிக்காரர்தான்.

வட்டிக் கணக்கையும் ஒருமுறை பேப்பரில் போடுங்கள். 30 லட்சம், பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டுப் படிப்பு, அதற்குப் பிறகு ஓராண்டு அவகாசம். முழுத்தொகையும் முதலிலேயே எடுத்தால் தனிவட்டியே 9 லட்சத்து 45 ஆயிரம் சேர்ந்துவிடும். அதையும் சேர்த்துப் பதினைந்து ஆண்டுத் தவணை போட்டால் மாதம் 43 ஆயிரத்துக்கு மேல். பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தால் இது ஒன்றுமில்லை. கிடைக்காமல் திரும்பி வந்தால் இங்கே வாங்கும் முதல் சம்பளத்தில் இதைக் கட்ட முடியுமா? அந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு சின்ன ஆறுதல்: அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். என்ற வரிப் பிடித்தம் இல்லை. சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள்; ஐ.டி. ரிட்டர்னில் திரும்பக் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. கடனுக்கு அலையும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். முகவர் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அதில் வரும்படி இல்லை.

“போய்ட்டா பார்த்துக்கலாம், வேலை கிடைச்சிடும்” என்ற பேச்சு பழையது. அமெரிக்காவில் படிப்பு முடிந்து ஓராண்டு வேலை செய்யலாம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்பென்றால் மேலும் 24 மாதம். அதன் பிறகு எச்-1பி வேலை விசா. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். அங்கேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. அந்த நாலு வாரத்தில் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது! பிரிட்டனில் படிப்புக்குப் பின் இரண்டாண்டு வேலை தேட இருந்த அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்குப் பதினெட்டு மாதமாகிறது. கனடாவில் 2025 ஆகஸ்டில் இந்திய மாணவர் விண்ணப்பங்களில் நான்கில் மூன்று பங்கு நிராகரிக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பலகையில் இருக்கும் நூறு சதவீதத்துக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளே, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தின் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ஜன்னலுக்கு முன் நிற்கும்போது உங்களோடு யாரும் இருக்க முடியாது. போனைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது. பேச்சு இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 214(பி) என்று ஒரு சட்டப்பிரிவு. நீங்கள் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறீர்கள் என்று அதிகாரி முதலில் கருதிக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு என்கிறது அது. ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தக் கல்லூரி, யார் பணம் கட்டுகிறார்கள், முடித்துவிட்டு என்ன செய்வீர்கள்? இதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதில் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே தெரியும். முன்னால் நின்றவரும் அதையேதான் ஒப்பித்துவிட்டுப் போயிருப்பார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல் மெஷின் வைத்திருக்கிறார், பெரியம்மா வீட்டை அடமானம் வைத்துக் கடன் என்றால் அப்படியே சொல்லுங்கள். உண்மையைச் சொல்ல நல்ல ஆங்கிலம்கூடத் தேவையில்லை.

2025 ஜூனிலிருந்து அமெரிக்க மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். ஐந்தாண்டாகப் பயன்படுத்திய கணக்குகளைப் படிவத்தில் எழுத வேண்டும். பழைய கணக்கு ஒன்றை மறைத்தால் அதுவும் பொய்க் கணக்கில்தான் சேரும். நேர்காணலுக்கு ‘ஸ்லாட்’ பிடித்துத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடமும் ஜாக்கிரதை. 2025 மார்ச்சில் தானியங்கி நிரல் வைத்துப் பிடித்த சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்களை இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ரத்து செய்தது. அமெரிக்கப் படிப்பைப் பற்றி இலவசமாகக் கேட்க, அதே ஜெமினி வளாகத்தில் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை (யு.எஸ்.ஐ.இ.எஃப்.) நடத்தும் ‘எஜுகேஷன் யு.எஸ்.ஏ.’ மையம் இருக்கிறது. அவர்களுக்கு எந்தக் கல்லூரியிடமிருந்தும் கமிஷன் கிடையாது.

நிராகரித்தால்? மானம் போய்விடாது. அமெரிக்காவில் மறுபடி 185 டாலர் கட்டி விண்ணப்பிக்கலாம். மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரை ஓராண்டுக்குள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. ஆனால் போன முறை சொன்னதிலிருந்து எது மாறியிருக்கிறது என்று காட்ட முடியாவிட்டால் போகாதீர்கள். ஒரு நாடு மறுத்ததை இன்னொரு நாட்டிடம் மறைக்கவும் வேண்டாம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா படிவங்களில் ‘இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்திருக்கிறதா?’ என்று கேட்கிறார்கள். “இல்லைன்னு போடுங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்” என்று முகவர் சொல்வார். அமெரிக்காவும் கனடாவும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இந்தத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. நிராகரிப்பை ஒப்புக்கொண்டால் நாலு வரி விளக்கம் எழுதினால் போதும். மறைத்தால் தடை.

கன்சல்டன்சிக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லை, அவர்கள் உதவி தேவைதான். அவர்கள் வழி சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவர்கள் சரிபார்க்கட்டும், நீங்கள் அனுப்புங்கள். நோக்க அறிக்கையை முதலில் தமிழில் நீங்களே எழுதிப் பாருங்கள். ஏன் போகிறோம் என்பதே அப்போதுதான் உங்களுக்குத் தெளிவாகும்.

இந்த வாரத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்கெனவே எங்காவது பணம் கட்டியிருந்தால் நேரில் போய், உங்கள் பெயரில் உள்ள மின்னஞ்சல், விண்ணப்பக் கணக்குகள் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும், இதுவரை அனுப்பிய படிவங்களின் நகலையும் கேளுங்கள். வாங்கி வந்து அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் அனுப்புமுன் திருத்தலாம். கொடுக்க மறுத்தால் உங்கள் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
பள்ளிக்கரணை.